நுவரெலியாவின் காலநிலையும் பயண ஆயத்தமும்

மாணவர்களே, மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையில் நுவரெலியா குளிராக இருப்பது ஏன்? “அங்கு குளிர்காலம் நிலவுவதால்” என எழுதினால் புள்ளி கிடைக்காது. காரணம் உயரமே. 1000 மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆகவே கொழும்பைவிட ஏறத்தாழ 12 பாகை குறைந்து, அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் காணப்படுகின்றது.

சுற்றுலா செல்வோர் கவனிக்க:

1. ஜனவரி – பெப்ரவரி: முகிலற்ற இரவில் நிலம் வெப்பத்தை விரைவாக இழக்கும். அதிகாலையில் தோட்டங்களில் உறைபனி படிவதுண்டு. கம்பளிச் சுவெற்றர், காலுறை, தொப்பி அவசியம்.
2. மார்ச் – ஏப்ரல்: காலையில் வெயில், பிற்பகலில் இடிமழை. குடையும் சுவெற்றரும் போதும்.
3. மே – செப்ரெம்பர்: தென்மேல் பருவக்காற்றினால் மழையும் பலத்த காற்றும். குடை தாங்காது, மழைக்கோட்டு வேண்டும்.
4. ஒக்ரோபர் – டிசெம்பர்: மழை, மூடுபனி. மழைக்கோட்டுடன் மாற்றுடையும் எடுங்கள்.

நண்பகல் வெயிலை நம்பிச் சுவெற்றரை வீட்டில் விட்டு வருபவர்களே மாலையில் நடுங்குவர். எம்மாதமாயினும் இரவுக் குளிரை எண்ணியே பையை ஆயத்தம் செய்யுங்கள். விடை எழுதும்போது உயரம், பருவக்காற்று ஆகிய இரண்டையும் குறிப்பிட மறவாதீர்கள்.