அதியமானின் செவி

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அங்கே அதியமான் நெடுமானஞ்சி அரசு புரிந்ததும், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்ததும் நேயர்கள் அறிந்த கதை. ஆனால் புறநானூற்றின் 92-ஆம் பாட்டில் ஔவை அவனைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை அவ்வளவு பிரசித்தியடையவில்லை. குழந்தையின் மழலையில் யாழின் இனிமை இல்லை, காலக் கணக்கும் இல்லை, பொருளும் விளங்குவதில்லை. ஆனாலும் தந்தை அதைக் கேட்டு உருகிப் போகிறான் அல்லவா? என் சொற்களுக்கும் நீ அப்படித்தான் செவி சாய்க்கிறாய் என்கிறாள். இந்த ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்று பண்டிதர்கள் சொல்வார்கள். குழந்தைகளுக்கு இருவரும் ஒரே பாட்டிதான். இந்த வழக்கில் நாம் குழந்தைகள் கட்சி.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. குழந்தைகளுக்காக எழுதும் ஆசிரியர்கள் பள்ளிக்கூடங்களுக்கு நேரில் சென்று, பிள்ளைகளையும் எழுதத் தூண்டுகிறார்கள். நல்ல காரியம். தர்மபுரி ஜில்லாவுக்கு இது மற்ற இடங்களைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். தர்மபுரியிலோ சுமார் 68 பேர்தான். அந்தக் கணக்கில் எல்லா ஜில்லாக்களுக்கும் பின்னால் நின்றது அதுவே. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பேனா பிடித்த சிறுமிக்கு, புத்தகம் எழுதுகிறவர் என்றால் எங்கோ எட்டாத தூரத்தில் இருக்கும் ஒருவர். அவரே செருப்பில் புழுதியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து எதிரே நின்றால், எழுத்து என்பது மனிதர்கள் செய்யும் வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே அவர் வரலாம்.

வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சங்கடம். வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, பிறகு சிறப்புரை. வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சொன்ன இடத்திலெல்லாம் கை தட்டுகிறார்கள். நன்றியுரை முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது. இரவெல்லாம் விழித்து ஒரு பையன் எழுதிக் கொண்டுவந்த கதை, அவன் சட்டைப் பைக்குள்ளேயே மடிந்தபடி வீடு திரும்புகிறது.

காலஞ்சென்ற குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வரலாற்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். புதுக்கோட்டைச் சீமையில் ராயவரத்திலே 1922-இல் பிறந்தவர். 1940-இல் சென்னைச் சக்தி காரியாலயத்தில் காசாளராகச் சேர்ந்தார். பணம் எண்ண வந்த அந்த இளைஞருக்கு எழுத்தில் ஆசை இருப்பதைக் கண்டு, எழுதும்படி தூண்டியவர் 'சக்தி' ஆசிரியர் தி. ஜ. ர. அவர் மேடை ஏறிப் பிரசங்கம் செய்யவில்லை. பக்கத்து மேஜைப் பையனைக் கவனித்தார், அவ்வளவுதான். 1944-இல் 'மலரும் உள்ளம்' வெளிவந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. பாங்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டே வள்ளியப்பா இவ்வளவும் செய்தார். பிற்காலத்தில் 'கோகுலம்' ஆசிரியராக இருந்து, சிறுவர் சிறுமியர் எழுதியவற்றையும் அச்சேற்றினார். தமக்குக் கிடைத்த செவியை அவர் பிறருக்கும் கொடுத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

தர்மபுரிப் பிள்ளைகளிடம் எழுத விஷயம் இல்லையா? கதை எழுதச் சொன்னால், புத்தகத்தில் படித்த சிங்கத்தையும் முயலையும் எழுதுவார்கள். "உன் வீட்டைப் பற்றி எழுது, கண்ணு" என்று யாராவது சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளும் அப்பா, கேழ்வரகுக் களி கிண்டும் பாட்டி, புளி உலுக்கும் நாள் - இவையெல்லாம் எழுதத் தகுந்தவை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஜில்லாவில் பல ஊர்க் கிணறுகளில் புளோரைடு மிகுந்த தண்ணீர். பல்லில் கறை ஏறும், எலும்பும் கெடும். காவேரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. கறை படிந்த பல்லை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அத்தையைப் பற்றி அவ்வூர்ச் சிறுமி ஒரு பக்கம் எழுதினால், பட்டணத்து எழுத்தாளர் எவரும் அதற்கு ஈடு எழுத முடியாது. அதில் றகரமும் ரகரமும் இடம் மாறியிருக்கலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தையானால் வாக்கியமும் சற்றுக் கோணலாக இருக்கும். சிவப்பு மை ஒரு வாரம் காத்திருக்கட்டுமே!

எழுதியதை வெளியிட இடமும் இருக்கிறது. 2022-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் பத்திரிகைகள் மாணவர் படைப்புகளை ஏற்கின்றன.

அடுத்த தடவை தர்மபுரிக்குப் போகும் குழந்தை எழுத்தாளருக்கு ஒரு யோசனை. பாப்பாரப்பட்டியில் பிள்ளைகளைக் கூட்டலாம். தேச பக்தர் சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய ஊர் அது. அவர் சிறை சென்ற வீரர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். 'ஞானபாநு' என்ற பத்திரிகையை நடத்திய எழுத்தாளர் என்பதையும் சொல்லலாம். பொன்னாடை வேண்டாம். எழுத்தாளர் தரையில் உட்காரட்டும்; பிள்ளைகள் நின்று வாசிக்கட்டும். நேரம் போதாமல் வாசிக்க முடியாதவர்களின் நோட்டுப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிப் பதில் போடட்டும். அஞ்சலட்டையின் விலை 50 காசுதான்.