சைக்கிள் டயரும் ஆன்லைன் கடையும்: நல்ல கடையை எப்படி அறிவது?



நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் ஒரு சைக்கிளாவது நிற்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு அரசு கொடுத்தது, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது, குழுக் கூட்டத்துக்கு வர வைத்திருப்பது என்று ஏதோ ஒன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்பது நமக்குத் தெரியும். ஓட்டக் கற்றுக்கொண்டோம், சரி. டயர் கிழிந்தால், செயின் அறுந்தால் என்ன செய்வது?

முன்பு இந்தக் கேள்வியே வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை இருக்கும், உருட்டிக்கொண்டு போனால் போதும். இப்போது எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட கடைகள் குறைந்துவிட்டன. இருக்கிற கடையிலும் எல்லா சாமானும் கிடைப்பதில்லை. அதனால் பிள்ளைகள் போனிலேயே ஆர்டர் போடுகிறார்கள். அதில் நாங்கள் பட்டதையும் கற்றதையும் இங்கே சொல்கிறோம்.

எங்கள் குழுப் பிரதிநிதியின் லேடீஸ் சைக்கிளுக்குப் பின் டயர் கிழிந்துவிட்டது. டவுன் கடையில், "அந்த சைஸ் வரலக்கா, அடுத்த வாரம் பாருங்க" என்று சொல்லியே மூன்று வாரம் ஓடியது. அவர் மகன் ஆன்லைனில் தேடி, "26 இஞ்ச் சைக்கிள் டயர்" என்று போட்டிருந்ததை 340 ரூபாய்க்கு வாங்கினான். நாலே நாளில் வந்துவிட்டது. மாட்டப் போனால் ரிம்மில் ஏறவே இல்லை. சைக்கிள் கடைக்காரர் லிவர் போட்டு நெம்பிப் பார்த்துவிட்டு, "இது வேற இருபத்தாறுக்கா" என்றார்.

வேற இருபத்தாறா! எங்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. 26 இஞ்ச் என்பது டயரின் வெளி உயரத்தை ஏறத்தாழ வைத்துச் சொல்லும் பழைய கணக்கு. டயர் உட்காரும் ரிம்மின் அளவு அதில் தெரியாது. டயரின் பக்கவாட்டில் விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பல டயர்களில் 37-590 என்பதுபோல ஒரு எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீட்டரில். லேடீஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கும் 26 × 1 3/8 டயருக்கு இந்த எண் 590. பையன்கள் ஓட்டும் தடித்த டயர் சைக்கிளில் 26 × 1.95 என்று இருக்கும், அதற்கு 559. இரண்டுக்கும் வித்தியாசம் 31 மில்லிமீட்டர், மூன்று சென்டிமீட்டருக்கும் மேல். எவ்வளவு நெம்பினாலும் ஏறாது. தாத்தா காலத்துப் பெரிய கறுப்பு சைக்கிளின் 28 × 1 1/2 டயருக்கு 635.

இன்னொரு கூத்தும் உண்டு. 1 3/4 என்று பின்னமாக எழுதினாலும் 1.75 என்று புள்ளி வைத்து எழுதினாலும் பள்ளிக்கூடக் கணக்கில் ஒன்றுதான். டயரில் அவை வேறு வேறு. ஒன்றுக்கு ஒன்று சேராது. அதனால் பழைய டயரில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். டயர் விற்ற கடைக்குப் போன் போட்டோம். "26 கேட்டீங்க, 26 அனுப்பினோம், பேக்கிங் பிரிச்சாச்சு, எடுக்க முடியாது" என்று வைத்துவிட்டார்கள். சைஸை முழுசாகப் போடாதது அவர்கள் தவறு. நஷ்டம் எங்களுக்கு.

இரண்டாவது தடவை வேறு கடை. அவர்கள் பணம் கட்டச் சொல்வதற்கு முன்னால், "பழைய டயரோட சைடை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்றார்கள். பார்த்துவிட்டு, "உங்களுக்கு 37-590. எங்ககிட்ட முழுக் கறுப்புதான் இருக்கு. ஓரம் வெள்ளை வேணும்னா பத்து நாள் ஆகும்" என்றார்கள். டியூபும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டோம். "பழைய டியூப் நல்லா இருந்தா எதுக்கு? ரிம் டேப் கிழிஞ்சிருக்கான்னு மட்டும் பாருங்க. கிழிஞ்சிருந்தா ஸ்போக்ஸ் முனை குத்தி டியூப் பஞ்சராகும்" என்று பதில் வந்தது. ரிம் டேப் 15 ரூபாய். டியூப் விற்றிருந்தால் அவர்களுக்குத்தான் லாபம். ஆனாலும் தேவையில்லை என்று சொன்னார்கள். நம் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணன், "இந்த செயின் இன்னும் ஆறு மாசம் ஓடும், மாத்தாதீங்க" என்று சொன்னால் நாம் காலத்துக்கும் அவரிடமே போகிறோம் இல்லையா, அதுவேதான் இது.

அந்தக் கடையும் ஒருமுறை தவறு செய்தது. பெடல் ஜோடி ஆர்டர் போட்டதில் இரண்டுமே வலது பெடலாக வந்துவிட்டன. சைக்கிளில் வலது பெடலின் மரை சாதாரணமாகத் திரும்பும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். வலதை இடப்பக்கம் மாட்டவே முடியாது. போன் போட்டதும், "எங்க தப்புதாம்மா, இன்னைக்கே இடது பெடல் அனுப்பறோம். அதிகமா வந்ததை அந்தக் கூரியர் பையன்கிட்டயே கொடுத்துடுங்க, செலவு எங்களோடது" என்றார்கள். சாக்கு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. வேறிடத்தில் 20 ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் எங்கள் உறுப்பினர்கள் இன்று அந்தக் கடையில்தான் வாங்குகிறார்கள். தவறே செய்யாத கடை எங்கும் கிடையாது. தவறு நடந்த அன்று எப்படிப் பேசுகிறார்கள் என்பதை வைத்துத்தான் நாங்கள் கடையை எடைபோடுகிறோம். பாயிண்ட், கூப்பன், "அடுத்த ஆர்டருக்கு 50 ரூபாய் தள்ளுபடி" இதெல்லாம் இருந்தால் சந்தோஷம். ஆனால் ஏறாத டயருக்குக் கூப்பன் உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020இல் மின்வணிக விதிகள் வந்தன. அவற்றின்படி பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ வந்தால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆன்லைன் நிறுவனம் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் நாமே சைஸைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இந்த விதி நமக்குத் துணை வராது. அப்போது அந்தக் கடையின் சொந்த விதிதான். அதனால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், கூரியர் செலவு யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடை மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. கடை லூதியானாவில் இருந்தாலும் நம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பில், போட்டோ, போனில் வந்த செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் நம்பரைப் போனில் பொதுவாகத் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் பொய் நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் ஆர்டர் போட்ட இடத்திலேயே, பில்லிலேயே உள்ள நம்பரை மட்டும் எடுங்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்க, இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அப்போதே 1930க்குச் சொல்லுங்கள்.

கடைக்காரர் பக்கத்தையும் பேச வேண்டும். பொருள் வந்ததும் காசு தருகிறோம் என்று ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர் பையன் வாசலில் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். போக வர இரண்டு கூரியர் செலவும் அந்தச் சின்னக் கடைக்காரர் தலையில் விழும். டயரை ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவதும் நியாயமில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நாமும் இப்போது விற்கிறவர்கள். ஒரு குழு அனுப்பிய சத்துமாவுப் பாக்கெட் வழியில் உடைந்துவிட்டது. வாங்கியவர் போன் போட்டபோது, "நாங்க நல்லாத்தான் கட்டினோம், கூரியர்காரனைக் கேளுங்க" என்று நம்மவர்களே சொல்லிவிட்டார்கள். டயர் கடைக்காரர் நம்மிடம் சொன்ன அதே பேச்சு! மாதக் கூட்டத்தில் இது வந்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வேறு பாக்கெட் அனுப்புவது என்றும், இனி உள்ளே இன்னொரு பை போட்டுக் கட்டுவது என்றும் தீர்மானம் எழுதினோம். உடைந்த பாக்கெட்டின் செலவை அந்தக் குழுவின் லாபத்தில் கழிப்பதா, கூட்டமைப்பு ஏற்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. வரும் கூட்டத்தில் பேசுவோம்.

அந்தக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் சைக்கிள் டயரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நாலைந்து பேருக்குச் சேர்த்து ஆர்டர் போட்டால் கூரியர் செலவு பிரிந்துவிடும்.