வியர்வை காயாவிட்டால் ஆபத்து



“வெயில் நமக்குப் புதுசா? முப்பது வருஷம் வெளிக்காட்டுல நின்னவங்க நாம” என்று சிரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் கட்டுமான வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இந்த மாதப் பகுதி.

என் தங்கை மகனைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா போயிருந்தேன். சிராங்கூன் சாலைக் கூட்டத்தைத் தாண்டி, ரேஸ் கோர்ஸ் சாலை ஓரப் புல்தரையில் உட்கார்ந்தோம். பொழுது சாய்ந்து நேரமாகியும் சுவரெல்லாம் சூடு கக்கிக்கொண்டிருந்தது. அப்போது அவன் ஒரு விஷயம் சொன்னான். கூட வேலை செய்த ஒருவர், மதியம் மூன்று மணிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று உளற ஆரம்பித்தாராம். “ராத்திரி தண்ணி போட்டிருப்பான், விடு” என்றாராம் மேற்பார்வையாளர். நிழலுக்குத் தூக்கிப்போக அரை மணி நேரம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் கெட்டு, பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அவருக்கு வந்தது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொடுவதுதான் அது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. உழைக்கிறவனுக்கு வரும்போது வியர்வை ஓடிக்கொண்டேகூட இருக்கும். பேச்சுக் குழறுவது, தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, இவைதாம் அடையாளம்.

வியர்வை வடிவதால் உடம்பு குளிராது, அது காய்ந்தால்தான் குளிரும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் விடியற்காலையில் 90 சதவீதத்துக்கு மேல், மழையில்லாத பிற்பகலிலும் சுமார் 60. வியர்வை எங்கே காயும்? தேக்கா சந்தைப் பக்கம் மைனாக்கள்கூட அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய்வழியாகத்தான் சூட்டை விட வேண்டும், பாவம்!

இது வெறும் கோடைப் புழுக்கம் அல்ல. சிங்கப்பூரில் 1948 முதல் 2016 வரை பத்தாண்டுக்குச் சுமார் கால் டிகிரி வீதம் சூடு ஏறியிருக்கிறது. 1983 ஏப்ரலில் பதிவான 37 டிகிரிதான் அங்கே உச்சம். நாற்பது ஆண்டுக்குப் பிறகு, 2023 மே 13 அன்று, அங் மோ கியோவில் அதே 37 மறுபடி பதிவாயிற்று. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் சராசரிச் சூடு 0.6 முதல் 5 டிகிரி வரை கூடலாம் என்று 2024 ஜனவரியில் வெளியான அந்நாட்டு ஆய்வு சொல்லுகிறது. எண்ணெயும் நிலக்கரியும் எரித்த புகை ஒரு காரணம். ஊரெல்லாம் சிமெண்ட் ஆனது இன்னொன்று. எருமைத் தொழுவமும் சதுப்பும் இருந்த இடம்தானே தேக்கா! பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிமெண்ட் பகல் சூட்டை வைத்திருந்து ராத்திரியில் விடும். சரியாகத் தூங்காதவன் மறுநாள் வெயிலில் சீக்கிரம் விழுவான்.

நமக்கு இதிலே ஒரு பழைய பாடம் இருக்கிறது. விடியுமுன்னே பிரட்டுக்குப் போய் ரப்பர் வெட்டியது எதற்கு? சூடு ஏறினால் பால் நின்றுவிடும் என்பதற்காக. மரத்துக்குப் பார்த்த நேரத்தை மனுஷனுக்குப் பார்க்க இத்தனை காலம் ஆயிற்று.

2023 அக்டோபரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வெளியில் உழைப்போருக்கு ஒரு நடைமுறை கொண்டுவந்தது. வெயில், ஈரம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஒரு கருவி உண்டு. அது 32 டிகிரி காட்டினால், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. மணிக்கு ஒருமுறையாவது தண்ணீர். புதிதாக வந்தவருக்குக் குறைந்தது ஏழு நாள், வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. நிகராகுவா, எல் சல்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டுச் செத்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதி இல்லாத வாலிபர்களும் அதில் உண்டு. சூட்டில் ஓய்வில்லாத உழைப்பும் நீர் வற்றுவதும் முக்கியக் காரணமென்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

யாராவது உளறினால் காத்திருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையைக் கழற்றுங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். சிங்கப்பூரில் 995, இங்கே 999.

தினப்படிக்கு: தாகம் வருமுன் குடியுங்கள். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இருந்தால் தண்ணீர் போதவில்லை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி நல்லது. பியர் தாகம் தீர்க்காது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயில் வேலை பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. சூட்டில் ஏடிஸ் கொசு வேகமாக வளரும், அதனுள் டெங்கிக் கிருமியும் வேகமாகப் பெருகும். 2020இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். காய்ச்சலென்றால் கடையில் ஆஸ்பிரின் வாங்கி விழுங்காதீர்கள், இரத்தக் கசிவு அதிகமாகும்.

கிளம்பும்போது மருமகனிடம் கேட்டேன், இப்போது எப்படி என்று. “மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பார்த்துப் பலகையில எழுதுறாங்க மாமா. நாங்களும் அதைப் படிக்கக் கத்துக்கிட்டோம்.”