டப்பாவில் கிடக்கும் கள்ளி விதை முளைக்குமா? 10 விதையில் தெரிஞ்சுடும்!

கூடுவாஞ்சேரி:

எப்போதோ வாங்கி வைத்த கள்ளி விதையை, ‘பழசாச்சே’ என்று குப்பையில் கொட்ட வேண்டாம். இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த சுமார் 2 ஆயிரம் ஆண்டு பழைய பேரீச்சை விதை, 2005-ல் நட்டதும் முளைத்தது. பாலைவன வறட்சிதான் அதை காப்பாற்றியது.

கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு பக்கம் வெயிலோடு ஈரக்காற்றும் சேர்ந்து விதையை சீக்கிரம் கெடுத்து விடும். ஆனாலும் சோதித்து பார்ப்பது சுலபம்தான்.

மணல் கலந்த ஈர மண்ணில் 10 விதையை மேலாக தூவுங்கள். புதைக்க கூடாது, வெளிச்சம் வேணும். கண்ணாடியால் மூடி, நேர் வெயில் படாமல் ஒரு மாதம் வையுங்கள். ஐந்தாறு முளைத்தால் மீதியையும் நம்பி போடலாம். ஒன்றிரண்டுதான் என்றால் தாராளமாக தூவணும். சப்பாத்திக்கள்ளிக்கு தோல் கெட்டி. அதற்கு இன்னும் பொறுக்கணும்.

மிச்ச விதையை நிழலில் காய வைத்து, காற்று புகாத டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் உதவும்.