மருந்து ஒன்று, மண் வேறு

காலையில் ரொட்டி சுட நாம் எடுக்கும் மாவு நம் நாட்டில் விளைந்த கோதுமை அன்று. ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. அங்கேயும் வயலுக்குக் களைமருந்து அடிக்கிறார்கள். ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனால் ஒரு வயலில் கோதுமை பச்சைப்பசேலென நிற்க, அடுத்த வயலில் மஞ்சளித்துக் குன்றுகிறது. காரணம் என்ன? மண்தான்.

முதலாவது, மண்ணின் வகை. களிமண்ணும், மக்கிய தழை நிறைந்த மண்ணும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பெருமழை பெய்தால் மருந்து நீரோடு இறங்கி வேரைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, புளிப்பும் காரமும். சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகள் புளிப்பு மண்ணில் விரைவில் சிதையும். தென் ஆஸ்திரேலியாவின் மாலி வட்டாரத்துச் சுண்ணாம்பு மண்ணிலோ நெடுநாள் தங்கும். கோதுமைக்கு அடித்தது, அடுத்து விதைக்கும் பருப்பு வகைப் பயிரைக் கெடுக்கும்.

மூன்றாவது, குளிர். கோதுமைச் செடி தன்னுள் புகுந்த மருந்தைத் தானே சிதைத்துத் தப்புகிறது. மண் குளிர்ந்து நீர் தேங்கினால் அந்த வேலை மெதுவாகும், செடி வாடும்.

நான்காவது, அறுவடைக்குப் பின் கிடக்கும் வைக்கோல். அது ஈரம் காக்கும், மண் அரிப்பைத் தடுக்கும், நல்லதே. ஆனால் கனமாகக் கிடந்தால் மருந்து அதிலேயே தங்கிக் களை தப்பிவிடும். விதையும் ஆழத்தில் இறங்காமல், மருந்து படிந்த மேல்மண்ணிலேயே முளைக்கும்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? நாமும் வீட்டின் பின்புறம் கீரைப்பாத்தி போடுகிறோம். மருந்து அடித்த மேட்டிலிருந்து மழைநீர் வழிந்துவரும் இடத்தில் பாத்தி போடாதீர்கள். மணற்பாங்கான நிலமானால் இன்னும் கவனம் தேவை.

"மருந்து மண்ணில் பட்டதும் செத்துவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. பாராகுவாட் களிமண்ணோடு ஒட்டிச் செயலற்றுப் போவது மெய்தான். எல்லா மருந்தும் அப்படியல்ல. அந்தப் பாராகுவாட்டும் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே உயிரைக் குடிப்பது. அதனால்தான் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. மண்ணில் அடங்குவது மனித உடலில் அடங்காது.

ஆகவே, மருந்து டின்னில் ஒட்டியுள்ள தாளைப் படித்த பிறகே மூடியைத் திறவுங்கள். காலி டின்னில் குடிநீர் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.