கைத்துப்பாக்கி யாரைப் பாதுகாக்கிறது? அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த ஒருவரின் அனுபவம்

தற்பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வு செய்யவிருப்பதாகவும், அவற்றைத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் 2024ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. முதலில் நவம்பர் 7 என்றிருந்த காலக்கெடு பின்னர் 2025 ஜனவரி 20 வரை நீடிக்கப்பட்டது. ஒப்படைக்க வேண்டிய இடம் வெலிசறையிலுள்ள கடற்படைக் களஞ்சியம். அந்த நாட்களில் வந்த செய்திகள் பெரும்பாலும் அரசியல்வாதிகளின் துப்பாக்கிகளைப் பற்றியே பேசின. ஆனால் அறிவித்தல் என்னைப் போன்ற சாதாரண வியாபாரிகளுக்கும் உரியதுதான்.

திருகோணமலை உள்துறைமுகப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறேன். கொட்பேயிலிருந்து கடலுக்குப் போகும் பலநாள் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பதுதான் தொழில். மீன் நன்றாகப் படும் மாதங்களில் மாலையானால் கையில் பெருந்தொகைப் பணம் சேரும். அந்தக் காரணத்தைக் காட்டி அனுமதி பெற்று, ஒன்பது வருடங்கள் 9 மில்லிமீற்றர் கிளொக் பிஸ்டல் ஒன்றை வைத்திருந்தேன். 2025 ஜனவரியில் ஒப்படைத்தேன்.

அதே வருடம் பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டப் புத்தகத்தின் நடுவை வெட்டி மறைத்துக் கொண்டுவந்த ரிவோல்வரால் ஒருவர் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 22 அன்று வெலிகம பிரதேச சபைத் தலைவர் தனது அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படியான ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஊரில் யாராவது வந்து, “அண்ணை, ஒரு பிஸ்டல் எடுக்கலாமோ? எந்த மொடல் நல்லது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

பொலிமரும் ஸ்ட்ரைக்கரும்

இன்று உலகில் பொலிஸார், இராணுவத்தினர், தனியார் என்று பலரும் வைத்திருக்கும் பிஸ்டல்களில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கைப்பிடியும் உடலும் பொலிமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக். மேலே நகரும் ஸ்லைட்டும் குழலும் உருக்கு. மேற்கு ஜேர்மனியில் 1970இல் வந்த விபி 70 பிஸ்டலிலேயே பொலிமர் உடல் இருந்தது. ஆனால் அதைப் பரவலாக்கியது ஒஸ்திரியாவின் கிளொக் 17. அதுவரை துப்பாக்கி எதுவும் செய்திராத காஸ்டன் கிளொக் என்பவர் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை ஒஸ்திரிய இராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்டது. மகசினில் 17 ரவைகள் பிடிக்கும். மகசின் இல்லாமல் நிறுத்தால் ஏறக்குறைய 630 கிராம்தான்.

‘பிளாஸ்டிக் துப்பாக்கி என்றால் விமான நிலைய ஸ்கேனரில் தெரியாதாமே’ என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இது ‘டை ஹார்ட் 2’ போன்ற படங்கள் பரப்பிய கதை. எடையில் பெரும்பங்கு உருக்குத்தான். எக்ஸ்ரேயில் தெளிவாகவே தெரியும்.

அடுத்தது ஸ்ட்ரைக்கர். பெரெட்டா 92 போன்ற பிஸ்டல்களின் பின்புறத்தில் ஒரு சுத்தியல் வெளியே தெரியும். அது அடித்தால்தான் உள்ளேயுள்ள ஊசி ரவையைக் குத்தும். ஸ்ட்ரைக்கர் வகையில் அந்தச் சுத்தியல் கிடையாது. ஊசியே ஒரு சுருள்வில்லோடு உள்ளே ஒளிந்திருக்கும். ஸ்லைட்டைப் பின்னால் இழுத்து விட்டால் ரவை குழலின் பின்னறைக்குள் போகும்; கிளொக்கில் அப்போதே சுருள்வில் ஓரளவு அழுந்தி நிற்கும். ட்ரிகர் என்று எல்லோரும் சொல்லும் விசைவில்லை இழுக்கும்போது மிச்சமும் அழுந்தி, ஊசி விடுபட்டுப் பாயும்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

புதியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். வழமையான கிளொக்கில் பெருவிரலால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்பு விசை இல்லை. இருப்பவை மூன்றும் தாமாக இயங்குபவை. விசைவில்லின் நடுவில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதை விரல் அழுத்தாவிட்டால் விசைவில் நகராது. ஊசியின் பாதையை ஒரு முளை மறித்து நிற்கிறது. கீழே விழுந்தால் ஊசி விடுபடாதபடி இன்னொரு தடை இருக்கிறது. விசைவில் இழுபடும்போது மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக் கொடுக்கும்.

அதாவது, கையிலிருந்து விழுந்தால் சுடாமல் இருப்பதற்கு இயந்திரம் பொறுப்பு. விசைவில் இழுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் மட்டும்தான் பொறுப்பு. ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அழுத்தம் போதும். இழுத்தது விரலா, உறைக்குள் திருப்பி வைக்கும்போது மாட்டிக்கொண்ட சட்டை நுனியா, ஒரு பிள்ளையின் கையா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

மகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று நினைப்பது இன்னோர் ஆபத்து. பின்னறையில் ஒரு ரவை இருந்தால், மகசின் இல்லாமலும் கிளொக் சுடும். அதோடு, சுத்தம் செய்வதற்குக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் விசைவில்லை இழுக்க வேண்டும். வடிவமைப்பே அப்படி. ஆகவே மகசினை எடுப்பது, ஸ்லைட்டைப் பலமுறை இழுப்பது, பின்னறையைக் கண்ணால் பார்ப்பது, விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது என்ற வரிசை ஒருபோதும் மாறக்கூடாது.

இயந்திரத்தின் பங்கையும் கண்ணை மூடி நம்ப முடியாது. அமெரிக்க இராணுவம் பெரெட்டாவுக்குப் பதிலாக 2017 ஜனவரியில் தெரிவு செய்த சிக் சவர் பி 320உம் ஸ்ட்ரைக்கர் வகைதான். அதே வருடம் ஓகஸ்ட்டில், குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் அது வெடிக்கலாம் என்ற சோதனைகள் வெளிவந்தன. பொதுமக்களுக்கு விற்ற பிஸ்டல்களின் உட்பாகங்களை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. இராணுவத்துக்கான வடிவத்தில் பெருவிரல் பாதுகாப்பு விசையும் உண்டு. நாள்தோறும் பயிற்சி செய்யக்கூடிய இராணுவமே அதைக் கேட்டு வாங்கியது. வருடத்தில் சில ரவைகளைக்கூடச் சுடாத வியாபாரிக்கு என்ன தேவை என்பதை யோசித்துப் பாருங்கள்.

உப்புக்காற்றும் கச்சானும்

பொலிமர் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அதற்குள் இருக்கும் சுருள்வில்களும் முளைகளும் மகசின் வில்லும் உருக்கு. துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களுக்குக் கதவுப் பிணைச்சல் எவ்வளவு வேகமாகத் துருவேறும் என்று தெரியும். மாரியில் ஈரம், கோடையில் இடுப்பு வியர்வை, வருடம் முழுக்க உப்பு. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குள்ளேயே விட்டுவைத்தால் சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். நான் பிளாஸ்டிக் உறைக்கு மாறினேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை வைத்தேன்.

அதற்காக எண்ணெயை ஊற்றவும் கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் வரும் புழுதி எண்ணெயோடு சேர்ந்து பசையாகும். ஸ்லைட் உராயும் இடங்களில் சில துளிகள் போதும்; ஊசி ஓடும் துவாரம் காய்ந்தே இருக்க வேண்டும்.

ரவைகளுக்கும் பராமரிப்பு உண்டு. தினமும் காலையில் ஏற்றி, இரவில் இறக்கினால் ஒரே ரவை திரும்பத் திரும்பப் பின்னறைக்குள் மோதும். அதன் தலை மெல்ல மெல்லக் கோதுக்குள் இறங்கும். அப்படி இறங்கிய ரவை சுடப்படும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். விரும்பிய நேரத்தில் புது ரவை வாங்க முடியாத நாட்டில் இது சிறிய விடயமல்ல.

அதைக் கொண்டு எங்கே போவது?

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதியை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். கந்தளாய், தம்பலகாமம் பக்கங்களில் பயிரைக் காக்கும் விவசாயிகளின் துவக்கு வேறு வகை. அது மிருகத்தை விரட்டுவதற்கு. வயலில் அதற்கு வேலை உண்டு. பிஸ்டலுக்கு உள்ள ஒரே வேலை மனிதனைச் சுடுவது.

அந்த வேலை எனக்கு ஒன்பது வருடங்களில் ஒரு நாளும் வரவில்லை. வந்தவை வேறு தொல்லைகள். எங்களுடையது கடற்படைத் தளமும் துறைமுகமும் சூழ்ந்த ஊர். பல வாசல்களுக்குள் ஆயுதத்தோடு போக முடியாது. வாகனத்தில் விட்டுப் போனால் கள்வனுக்குப் பரிசு. ஆகவே பணம் கையில் இருந்த நேரங்களில் பாதியில் அது வீட்டுப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பயிற்சிக்கும் ஊரில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து பக்கத்தில் நிறுத்தும் இரண்டு மூன்று விநாடிகளில், பயிற்சி இல்லாத கை சட்டையைத் தூக்கிப் பிஸ்டலை எடுக்கும் என்று நம்புவது சினிமா.

இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டுவெடிப்பில் இறந்தார்கள் என்ற கதையை, உடல்களில் இருந்த சூட்டுக் காயங்களைப் படம்பிடித்துப் பொய்யாக்கியவர் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். இந்த நினைவோடு வாழும் ஒரு தெருவில், சட்டைக்கடியில் புடைத்துத் தெரியும் ஒரு பொருள் பக்கத்து வீட்டாருக்குப் பாதுகாப்பாகத் தெரிவதில்லை. தேநீர்க்கடையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

வெளியில் இருந்து வரும் ஆபத்தை நினைத்தே எல்லோரும் துப்பாக்கி கேட்கிறார்கள். வீட்டுக்குள்ளே கோபமும் விரக்தியும் வரும் நாட்களை எண்ணுவதில்லை. இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. 1990களில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1995இற்கும் 2015இற்கும் இடையில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. மனிதர்களின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கெட்ட மணித்தியாலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாவுக் கருவிதான் குறைந்தது. பெட்டியின் திறப்பு எங்கே என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி, எந்த மொடல் நல்லது என்ற கேள்வியை விட முக்கியமானது.

ஒப்படைப்பு தற்காலிகமானது என்றுதான் அறிவித்தல் சொன்னது. நான் திரும்பக் கேட்கவில்லை. படகுக்காரர்களில் பெரும்பாலானோரிடம் பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டேன். மீதியை எடுத்துக்கொண்டு இருவராகப் போகிறோம். ஒரே நேரத்தில், ஒரே பாதையில் போவதில்லை. செலவும் குறைவு, நித்திரையும் வருகிறது.

உண்மையான உயிர் அச்சுறுத்தல் உள்ளவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, உனக்கு எதிரி யார் என்பதோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். கழற்றிப் பூட்டத் தெரியுமா? எங்கே வைக்கிறாய்? கடைசியாக எப்போது பயிற்சி செய்தாய்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பெருவிரல் விசை இல்லாத ஒரு பிஸ்டலில் இந்தப் பதில்கள்தான் பாதுகாப்பு விசை. என்னிடம் மொடல் கேட்டு வருபவர்களிடம் இப்போது இந்த நான்கையும்தான் முதலில் கேட்கிறேன்.