திருவிதாங்கூரின் வெள்ளைக்கார திவான்

அஞ்சுகிராமத்தைத் தாண்டினால் நெல்லைச் சீமை. பழைய திருவிதாங்கூரின் எல்லை இந்தப் பக்கம்தான். அருகே வட்டக்கோட்டையின் கருங்கல் மதில் இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது.

இந்த எல்லையைக் காத்த ஆரல்வாய்மொழி அரண் 1809-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் படையிடம் வீழ்ந்தது. கும்பினியை எதிர்த்துக் கிளர்ந்த திவான் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி தளவாயும் மடிந்தார். மறு ஆண்டு ரெசிடென்டாக வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான கர்னல் ஜான் மன்றோ. ரெசிடென்ட் என்றால் அரசவையில் கும்பினியின் தூதர்.

1811-ல் ராணி கௌரி லட்சுமி பாய் அவரையே திவானாகவும் ஆக்கினார். ஒரே ஆள், இரண்டு எஜமானர்கள்! மன்றோ கோயில் சொத்துகளை அரசின் கீழ் கொண்டுவந்தார், நீதிமன்றங்களை அமைத்தார். 1812-ல் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடுக்கும் ராணியின் சாசனம் வெளியானது. ஆனால் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த உழைப்பாளிகளுக்கு விடிவு 1855-ல்தான்.

1814-ல் திவான் பதவியை விட்ட மன்றோ, 1819 வரை ரெசிடென்டாக நீடித்தார். கொல்லம் அருகே காயலோரத்தில் மன்றோ துருத்து என்ற தீவு அவர் பெயரை இன்றும் சுமக்கிறது.